பூக் கேட்ட வெள்ளிக்கிழமை

காலையில் டீ உள்ளே போகாமல் எனக்குப் பேச்சு வராது. வாங்கிக் கொடுத்தீர்கள், சந்தோஷம். வாக்குமூலம்தானே, எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார்.

பெயர் ஆத்தப்பன். முதலிபாளையம் பக்கம் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் நான்தான். தொண்ணூற்றொன்றில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்திருந்தோம். அந்த நேரம் பார்த்து, என் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த மருதாள் வந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண். பூசாரி அப்புசாமி திருநீறு தருவதாக மடப்பள்ளிக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தித் தன்னைக் கெடுத்துவிட்டான் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மேல் அல்ல. இதைச் சொல்ல இவளுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

ஆனாலும் நான் யோசித்துச் செய்கிறவன். அவளுடைய அம்மா பழனாத்தாளைக் கூப்பிட்டு, போலீசுக்குப் போனால் கோயிலைப் பூட்டிவிடுவார்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

பழனாத்தாள் அழவில்லை. “பூக் கேட்டுப் பாத்தரலாமுங்க. ஊரு நம்பாட்டிப் போகுதுங்க, ஆத்தா சொல்லட்டுங்க,” என்றாள்.

எங்கள் ஊர் வழக்கம் அது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ கட்டி அம்மன் காலடியில் வைப்போம். கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சொன்னது நிஜம், சிவப்பு வந்தால் பொய். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் விட்டுவிடுவோம். பொட்டலம் கட்டுவது தர்மகர்த்தாவின் வேலை.

வெள்ளிக்கிழமை ஊர் கூடியது. மருதாளையே எடுக்கச் சொன்னேன். நாளைக்கு யாரும் குறை சொல்லக் கூடாது பாருங்கள். ரொம்ப நேரம் கும்பிட்டுவிட்டு எடுத்துப் பிரித்தாள். செவ்வரளி.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மனைப் பார்த்து, “ஏனுங்காத்தா, நீங்க அங்கதான இருந்தீங்க?” என்று கேட்டாள்.

ஊர் அவளைக் காறித் துப்பியது. நான் துப்பவில்லை. இனிக் கம்பெனிக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை தோட்டத்துக் கிணற்றில் கிடந்தாள். கோயில் கிணறாக இருந்திருந்தால் கும்பாபிஷேகமே நின்றிருக்கும். அந்த மட்டுக்கும் அவளுக்குப் புத்தி இருந்தது.

அப்புசாமியை வெள்ளகோவில் பக்கம் ஒரு கோயிலுக்கு அனுப்பினேன், நல்ல பூசாரி என்று நானே சொல்லி. அங்கேயும் ஒருத்தி புகார் கொடுத்திருக்கிறாள் என்கிறீர்கள். அங்கே இருக்கிறவர்கள் அல்லவா கவனமாக இருந்திருக்க வேண்டும்.

மிச்சப் பொட்டலத்தைப் பழனாத்தாள் மடியில் முடிந்துகொண்டு போனதை நான் பார்க்கவில்லை. மகளை அடக்கம் செய்துவிட்டு வந்து பிரித்திருக்கிறாள். ஆமாம், அதிலும் செவ்வரளிதான். இரண்டையும் நான்தான் கட்டினேன். அப்புசாமி அப்படிச் செய்கிறவன் இல்லை என்று அன்றைக்கும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

அவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஒன்றிலாவது வெள்ளைப் பூவை வைத்திருக்கலாமே என்கிறீர்கள். என்ன கேள்வி சார் இது, எரிச்சலாக வருகிறது. வெள்ளை வந்திருந்தால் நான் என்ன செய்வேன்?