இரண்டாவது பி

பெயர்: லின்ஸி ட்ரெவின். வயது: அறுபத்தேழு. தொழில்: தொலைபேசி நிலையத்தில் பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். முகவரி: ரயில்வே தெரு, பிர்ச்சிப், விக்டோரியா.

நான் மேற்படி முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். துப்பறியும் அதிகாரி மஹோனி அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். சென்ற பிப்ரவரியில் இறந்துபோன ஆல்வின் ஹார்ட்விக்கும் அவர் மனைவி காரலியும் எனக்கு நெடுநாள் பழக்கம். ஊருக்கு மேற்கே அவர்களுக்குக் கோதுமை நிலம். காரலி வேண்டுமென்றே மார்ஃபின் ஊசியை அளவுக்கு மேல் போட்டுக் கணவரைக் கொன்றுவிட்டார் என்று ஆல்வினின் தம்பி நெவில் புகார் கொடுத்திருப்பது எனக்குத் தெரியும். நெவில் அந்த வீட்டில் ஒரு நாள் கூட உட்கார்ந்து நோயாளியின் வாயைத் துடைத்தவரல்ல. இதை எழுத வேண்டாம் என்றார்கள். எழுதச் சொன்னேன்.

எனக்குப் பழைய எழுத்துக் குழாய்களைச் சேர்க்கும் பழக்கம் உண்டு. ஒரு சாண் உயரக் கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். எந்தக் கம்பிக்கு மின்சாரம் கொடுக்கிறோமோ அது ஆரஞ்சு நிறத்தில் எரியும். அப்படி எரிபவை சேர்ந்து ஓர் எழுத்தாகவோ எண்ணாகவோ தெரியும். மெல்போர்னில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தை இடித்தபோது விலைப் பலகையிலிருந்து கழற்றிய குழாய்கள் ஒரு பெட்டி எனக்குக் கிடைத்தன. பாதிக்கு மேல் செத்தவை. உயிருள்ளவற்றைக் கொண்டு கால்பந்து கிளப்புக்குப் புள்ளிப் பலகையும், மதுக்கடைக் கழிப்பறைக்கு ஆள் இருக்கிறாரா இல்லையா என்று காட்டும் பலகையும் செய்து கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு ஆல்வின், "ஏண்டா லின்ஸி, பங்கு வெலை காட்டின விளக்க வெச்சு கக்கூசுக்கு போர்டு எழுதறியே, உனக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அப்போது அவர் நாக்கு நன்றாக இருந்தது.

அதன் பிறகு ஆல்வினுக்கு நரம்பு நோய் வந்து முதலில் கைகளும், அடுத்து கால்களும், கடைசியில் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியில் கொடுத்த கண்ணால் இயக்கும் கணினியை அவர் ஏற்கவில்லை. அதில் வரும் பெண் குரல் தன் சார்பாகப் பேசுவது பிடிக்கவில்லை. இடது கன்னம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. காரலி என்னிடம் வந்து, "உன் கண்ணாடிக் குழாயில ஏதாச்சும் பண்ண முடியுமா லின்ஸி? அந்த மனுசன் முழுசா அடங்கிப் போறதுக்குள்ள," என்று கேட்டார். எல்லாக் கம்பியும் எரிகிற குழாய்களாக நான்குதான் தேறின. அந்த நான்கையும் என் பட்டறையில் இரவும் பகலும் ஒரு வாரம் எரியவிட்டுச் சோதித்தேன். ஒன்றும் அணையவில்லை. அது ஜூலை மாதம், எங்கள் பக்கம் நடுக் குளிர்காலம், பட்டறையில் மூச்சு விட்டால் புகை தெரிகிற குளிர்.

இயந்திரம் வேலை செய்யும் விதம் இது. முதல் குழாயில் ஏ முதல் வரிசையாக ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து போகும். ஒவ்வொரு எழுத்துக்கும் டிக் என்று ஒரு சத்தம் வரும். அதற்குத் தொலைபேசி நிலையத்துப் பழைய ரிலே ஒன்றைப் போட்டிருந்தேன். வேண்டிய எழுத்து வரும்போது அவர் கன்னத்தை அசைத்தால் அதில் ஒட்டியிருக்கும் விசை அழுந்தி அந்த எழுத்து நின்றுவிடும். அடுத்த எழுத்து இரண்டாவது குழாயில் ஓடத் தொடங்கும். ஆகையால் அவர் எதைச் சொன்னாலும் நான்கு எழுத்துக்குள் சொல்ல வேண்டும். முதன்முதலில் அவர் எழுதியது ஒரு கெட்ட வார்த்தை. எங்கள் ஊரில் அதற்கும் நான்கு எழுத்துதான். காரலி சிரித்துச் சிரித்துச் சமையலறைக்கு ஓடிப் போனார். அதன் பிறகு நான் எப்போது போனாலும் ஆல்வின் 'ரெயின்' என்று எழுதுவார். வேலிக் கம்பத்தில் இருக்கும் மழைமானியைப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று அர்த்தம். பெய்தது சொட்டுக்கூட இல்லை என்றாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்ல வேண்டும்.

கோடை தொடங்கியதும் மேற்கு ஜன்னல் வெயிலில் ஆல்வினுக்குக் குழாய் வெளிச்சம் தெரியவில்லை. ஜன்னலுக்குத் திரை போட அவர் சம்மதிக்கவில்லை. வானத்தைப் பார்க்க வேண்டுமாம். ஆகையால் இயந்திரத்தைக் காரலி உட்காரும் பக்கம் திருப்பி வைத்தோம். அதன் பிறகு ஆல்வின் டிக் சத்தத்தை எண்ணியே எழுதினார். ஒரு தடவை கூடத் தவறியதில்லை. ஆனால் குழாயில் என்ன தெரிகிறது என்பதை அவர் பார்க்க முடியாது. டிசம்பரில் கண்ணிமையும் தளர்ந்துபோனதால், ஆமாம் இல்லை என்று கண் சிமிட்டிச் சொல்வதும் நின்றுவிட்டது.

சம்பவம் நடந்த பிற்பகலில் நான் அங்கே இல்லை. காரலி என்னிடம் சொன்னபடி, நாற்பதைத் தாண்டிய வெக்கையில், முதல் தடவை குழாயில் 'பெயின்' என்று வந்திருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் வலி என்று அவர் எழுதினால் நர்ஸ் நிரப்பி வைத்துவிட்டுப் போன ஊசிமருந்தில் ஒன்றைத் தோளில் ஒட்டியிருக்கும் மருந்துக் குழாய் வழியாகக் கொடுப்பது வழக்கம். அப்படியே கொடுத்தார். சற்று நேரத்தில் மறுபடியும் 'பெயின்' என்று வந்தது. நர்ஸுக்குப் போன் செய்தார். நர்ஸ் வேறொரு பண்ணைக்குப் போகும் வழியில் இருந்ததால் கிடைக்கவில்லை. இன்னொன்று கொடுத்தார். மூன்றாவது தடவை 'பி ஏ' என்பதோடு நின்று, மூன்றாவது குழாயில் எழுத்துகள் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தன. முடிக்கக்கூட முடியாத அளவுக்கு வலி என்று நினைத்து மூன்றாவதையும் கொடுத்தார். அதன் பிறகு ஆல்வின் மூச்சு நின்றது.

அதன் பிறகு மார்ச் முதல் வாரத்தில் மஹோனி அவர்கள் என்னை அழைத்து இயந்திரத்தைச் சோதிக்கச் சொன்னார்கள். காவல் நிலையத்தில், குளிர்சாதன அறையில், காலையிலிருந்து மாலை வரை ஓடவிட்டேன். ஒவ்வொரு எழுத்தும் ஒழுங்காக வந்தது. "அப்ப மெஷின்ல தப்பு இல்ல. ஒரே மத்தியானத்துல மூணு ஊசி கேட்டு இதுக்கு முன்னாடி அவர் எழுதினதே இல்லன்னு நர்ஸ் சொல்றாங்க. அன்னைக்கும் எழுதலன்னு எடுத்துக்கலாமா மிஸ்டர் ட்ரெவின்?" என்று மஹோனி அவர்கள் கேட்டார்கள். அந்தச் சோதனை காரலியின் கழுத்துக்குத்தான் கயிறு போட்டது.

அன்று மாலையே காரலி வீட்டுக்குப் போய், இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை என்று சொன்னேன்.

"எனக்குத் தெரியுமே. வலின்னு தெளிவாத்தான் வந்துச்சு. பாவம், அன்னைக்கு அவருக்குக் கன்னம்தான் சொன்னபடி கேக்கல. பி வந்தப்ப விட்டுட்டாரு, அடுத்த பியத்தான் புடிச்சாரு. மூணு தரமும் அப்படியேதான்."

"அடுத்த பியா? ஒரு சுத்து முழுசா போயி வந்தா?"

"இல்லப்பா, உடனேதான். பி, ஓ, பி. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டுதானே இருந்தேன்."

பிக்குப் பின்னால் ஓ வராது. கியூ வரும், அதற்கடுத்து ஆர் வரும். இந்தக் குழாயில் கியூவின் சாய்ந்த காலும் ஆரின் சாய்ந்த காலும் ஒரே கம்பி. அந்தக் கம்பி எரியாவிட்டால் கியூ ஓவாகத் தெரியும், ஆர் பியாகத் தெரியும். நான் காரலியிடம் அப்போது எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் நான் கேட்டுக்கொண்டபடி மஹோனி அவர்கள் இயந்திரத்தைக் காவல் நிலையத்தின் பின்புறத் தகரக் கொட்டகைக்குக் கொண்டுவர அனுமதித்தார்கள். வெயில் ஏறும் வரை ஓடவிட்டேன். பிற்பகலில், நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முதல் குழாயின் அந்தச் சாய்ந்த கம்பி ஒரு முறை மினுக்கிவிட்டு அணைந்தது. உள்ளே கம்பியின் ஒட்டு சூட்டில் விலகுகிறது. குளிர்ந்தால் மறுபடியும் சேர்ந்துகொள்கிறது. நான் விசையை அழுத்தி ஒரு வார்த்தை எழுதி, "படிங்க மேடம்," என்றேன்.

"பெயின்."

"நான் அழுத்தினது ரெயின், மேடம்."

மஹோனி அவர்கள் இன்னொரு தடவை எழுதிக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். பிறகு தானே அழுத்திப் பார்த்தார்கள். ஆல்வின் இறந்த அன்றைக்கு எத்தனை மணிக்கு மழை பிடித்தது என்று கேட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏழு மாதம் கழித்து வந்த மழை, ஆல்வினின் மூச்சு நின்ற கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டுத் தகரக் கூரைமேல் விழுந்தது. அதற்கு முன்பே மேற்கில் வானம் கருத்து வந்தது அவர் ஜன்னலில் தெரிந்திருக்கும். அவர் சொன்னது அதைத்தான். காரலி வலியா என்று கேட்டுக்கொண்டு ஊசியோடு வருவது அவர் காதில் விழுந்திருக்கும். அதனால்தான் மறுபடியும் அதையே எழுதினார் என்று நினைக்கிறேன்.

இந்த வாக்குமூலம் கொடுப்பதற்கு முன்பு, என் மனச்சாட்சிக்காக, காரலியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அழவில்லை. கெட்டிலில் கொதித்த தண்ணீரை டீப்பாத்திரத்தில் ஊற்றினார்.

"போலீஸ்ல இதச் சொல்லாத லின்ஸி."

"சொல்லலன்னா கொலைன்னு எழுதிருவாங்க காரலி. எஞ்சிய காலத்த ஜெயில்லயா கழிக்கப் போற?"

"எழுதட்டும். வலியில துடிச்ச மனுசனுக்குக் குடுத்தேன்னு நெனச்சிக்கிட்டு உள்ள கெடப்பேன். எங்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அது வலியே இல்லன்னா, நான் என்னத்த குடுத்தேன் அவருக்கு? மழை வருதுன்னு சந்தோசமா சொன்னவருக்கு நான் என்னத்த குடுத்தேன்?"

வெளியே வரும்போது வழக்கம்போல மழைமானியைப் பார்த்தேன். அந்த மழை எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. தண்ணீர் வற்றி அடியில் செம்மண் படிந்திருந்தது.

மேலே கண்டவை நான் கண்ணால் பார்த்ததும், காதால் கேட்டதும், கையால் சோதித்ததும். இதில் கூட்டியது குறைத்தது எதுவுமில்லை. வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் ஓரிடத்தில் தட்டச்சுப் பிழையாக 'ரெயின்' என்பது 'பெயின்' என்று இருந்தது. திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள். திருத்திய இடத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது. காரலி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதற்கு மாறாக, அறிந்தே இதில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) லின்ஸி ட்ரெவின்

என் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது:
(ஒப்பம்) பி. மஹோனி, துப்பறியும் அதிகாரி