மாப்பிள்ளையின் ரசிகர்கள்

பல் செட் கட்ட வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், நல்ல வெள்ளையாக இருக்க வேண்டும் என்று. நான் தலையாட்டுவேன், ஆனால் அப்படிச் செய்ய மாட்டேன். பளிச்சென்ற பல்லை யாரும் நம்புவதில்லை. லேசாக மஞ்சள் ஓட வேண்டும். கீழ்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் சாய்ந்து நிற்க வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவர்கள், இந்த வயதிலும் சொந்தப் பல்லா என்று வயிறெரிவார்கள். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்த அறையில் உட்கார்ந்து பல வருஷமாக நான் செய்துவரும் வேலை இது. பல் டாக்டர்களும் அச்சு அனுப்புவார்கள், நான் பல் அனுப்புவேன். இதற்கு நடுங்காத கை வேண்டும், அமைதி வேண்டும். கை என்னிடம் இருந்தது. அமைதி மாடியில் இருப்பவர்கள் வசம் இருந்தது.

மாடியில் என் தங்கையும் அவள் கணவரும் குடியிருந்தார்கள். மாப்பிள்ளை தங்கமான மனிதர். இதை எந்தச் சபையிலும் சொல்வேன். குடிநீர் அலுவலகத்தில் நிரந்தர வேலை, குடி கிடையாது, குரலை உயர்த்திப் பேசமாட்டார். நாற்பது வயதில் சிலருக்குத் தொப்பை வரும், சிலருக்குச் சர்க்கரை வரும். மாப்பிள்ளைக்கு வயலின் வந்தது.

ஆபீஸ் போவதற்கு முன்னால் ஒரு ஆவர்த்தி, வந்தபிறகு ஒரு ஆவர்த்தி. எப்போதும் அதே மெட்டு. எப்போதும் அதே இடத்தில் தடுக்கி விழுவார். விழுந்தவர் எழுந்து மேலே போகவேண்டியதுதானே? போக மாட்டார். முதலிலிருந்து தொடங்குவார். தடுக்கும் இடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் என் கை தானாக நின்றுவிடும். ஒரு அம்மாளின் கோரைப்பல் அப்படித்தான் மூளியாகிப் போனது.

நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தங்கை வீட்டுக்காரரிடம் அப்படிச் சட்டென்று எதையும் சொல்லிவிட முடியாது. நாளைக்கு ஒரு முகச்சுளிப்பு வந்தால், தினமும் எனக்குச் சாப்பாட்டுத் தட்டோடு கீழே இறங்கி வருகிறவள் அவள்தான். குடும்பம் என்றால் கொஞ்சம் நாசூக்கு வேண்டும்.

அப்போதுதான் இணையத்தில் அந்தக் கடித நிறுவனத்தைப் பார்த்தேன். நாம் திரையில் தட்டச்சு செய்தால் போதும். அவர்களே அச்சடித்து, மடித்து, உறையிலிட்டு, தபால்தலை ஒட்டி, நாம் சொல்லும் ஊரிலிருந்து அனுப்பிவிடுவார்கள். கையெழுத்து மாதிரியே எழுத்து வகைகள் உண்டு. நீல மையா, கறுப்பா, கோடு போட்ட தாளா, வழவழப்பான தாளா, எல்லாம் நம் இஷ்டம். ஒன்றை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதங்களில் ஒன்றைக்கூட நான் கையால் தொட்டதில்லை.

முதல் கடிதம் நாணயமானது. தெருவாசி ஒருவர் எழுதுவதுபோல, சுருதி சேரவில்லை, கொஞ்சம் நிறுத்திக்கொண்டால் நல்லது என்று பணிவாக எழுதினேன். மறுவாரம் மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு கீழே வந்தார்.

"மச்சான், யாரோ நம்ம தெருக்காரர் எழுதியிருக்காரு. சுருதி சேரலையாம். உண்மையத்தானே சொல்றாரு? இனிமே தினம் கூடுதலா ரெண்டு மணி நேரம் வாசிக்கணும்."

சொன்னபடி வாசித்தார். மனிதர் திட்டினால் ஒட்டிக்கொள்கிற ரகம் என்று புரிந்தது. சரி, புகழ்ந்தால் கிளம்புவார் என்று தோன்றியது.

தன் வாசிப்பைப் படம்பிடித்து இணையத்தில் போட்டுவந்தார். பார்த்தவர்கள் என் தங்கையும், கை தவறித் தொட்ட நானும்தான். அதனால் அவருக்கு ரசிகர்களை நானே பெற்றெடுக்க வேண்டியதாயிற்று. முதலில் ஒரு கணக்கு டீச்சர் பிறந்தார். ஓய்வு பெற்றவர், கடற்கரை நகரம் ஒன்றில் தனியாக வசிப்பவர். அந்த ஊருக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் ரயில் பயணம். சாய்வான நீல எழுத்து, கோடு போட்ட தாள். 'நடுப்பகுதியில் கொஞ்சம் அவசரப்படுகிறீர்கள். ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன்' என்று எழுதினார். அந்த அவசரப்படுகிறீர்கள் என்பதுதான் என்னுடைய சாய்ந்த பல். மாப்பிள்ளை முழுக் கடிதத்தையும் நம்பியது அதனால்தான்.

பிறகு ஒரு கப்பல் எஞ்சினியர் வந்தார். அவருக்குக் கட்டை எழுத்து, கறுப்பு மை. பின்னாலேயே ஒரு நர்ஸ். எல்லோரும் அதே கடற்கரை நகரத்துக்காரர்கள். அது என் யோசனைதான். புகழ் நாலா பக்கமும் இருந்து வந்தால் மனிதன் நின்ற இடத்திலேயே நின்று பூரித்துப்போவான். ஒரே பக்கத்திலிருந்து வந்தால் அந்தப் பக்கம் நடக்கத் தொடங்குவான்.

மாப்பிள்ளை பதில் எழுதுவார் என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. அதற்கும் அந்த நிறுவனத்தில் வசதி இருந்தது. அந்த நகரத்தில் ஒரு முகவரி வாடகைக்குத் தருவார்கள். வரும் பதிலைப் பிரித்து, படமெடுத்து, நமக்கு அனுப்புவார்கள். என் தலைக்கு மேலே உட்கார்ந்து அவர் எழுதும் கடிதம், ஒரு நாள் ரயிலில் போய், திரும்பி வந்து என் திரையில் உட்காரும்.

டீச்சரிடம் அவருக்குத் தனி மரியாதை. வேலையை விட்டுவிட்டு உங்கள் ஊருக்கே வந்துவிடலாமா என்று அவரிடம்தான் கேட்டார். 'ஒரே தயக்கம் என் மைத்துனரை நினைத்துத்தான்' என்று எழுதியிருந்தார். 'கல்யாணம் செய்துகொள்ளாமல் கீழே தனியாக இருக்கிறார். என் மனைவி கொடுத்தால்தான் மதியம் சாப்பாடு. என் வாசிப்புக்கு ஒரு நாளும் முகம் சுளிக்காதவர் அவர் ஒருவர்தான். அவரை எப்படி விட்டுவிட்டு வருவது?'

படித்தபோது அழுதுவிட்டேன். அதை மறைக்க மாட்டேன். மூக்கைச் சிந்திவிட்டு வந்து, டீச்சரின் பதிலைத் தட்டச்சு செய்தேன். 'அவர் சமாளித்துக்கொள்வார். தயங்காமல் வாருங்கள்.'

ஒரு நாள் மத்தியானம் தங்கை தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அவர் வாசிக்கிறது நெஜமாவே நல்லாருக்கா? வேலைய எழுதிக் குடுத்துடப்போறேங்கறாரு. நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு, நான் நிறுத்திடறேன்."

ஒரு கடைவாய்ப்பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தவில்லை.

"எனக்கென்னம்மா தெரியும், நான் பல்லு செய்யறவன். ஆனா முன்ன பின்ன தெரியாதவங்க இத்தன பேரு எழுதறாங்கன்னா, சும்மாவா எழுதுவாங்க?"

நீங்கள் இதைப் பொய் என்பீர்கள். நான் ஒரு கேள்விதான் கேட்டேன். பதில் சொல்லிக்கொண்டது அவள்.

வண்டியில் சாமான் ஏற்றிய அன்று தங்கை என் தோளில் முகம் புதைத்து அழுதாள். மாப்பிள்ளை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க மனசு யாருக்கு வரும் மச்சான்" என்றார். வண்டி தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து உட்கார்ந்தேன். அன்று செய்த செட் மாதிரி ஒன்று என் ஆயுசில் அமைந்ததில்லை.

அங்கே போனபின் சபை எதுவும் கூடவில்லை. கூடாது என்று எனக்குத் தெரியும்தான். மாப்பிள்ளை ரயில் நிலைய வாசலில் நின்று வாசிக்கிறார் என்றும், தங்கை ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கிறாள் என்றும் போனில் சொன்னார்கள். மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்டுவிட்டதாம். களிம்பு போடச் சொன்னேன். ஒருமுறை அவள் போன் செய்தபோது மட்டும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"டீச்சரைப் பாக்கலாம்னு அவங்க வீட்டுக்குப் போனோம் அண்ணே. அங்க வீடே இல்ல. ஒரு டயர் கடைக்கு மேல ரூமு. செவுரு பூரா சின்னச் சின்னதா இரும்புத் தபால் பொட்டி."

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"கூச்ச சுபாவம் போல, வீட்டு விலாசம் குடுக்க இஷ்டமில்லன்னாரு. அவங்க நம்பர் போட்ட பொட்டி முன்னாடி நின்னு முழுசா ஒருதரம் வாசிச்சாரு. கீழேருந்து டயர் கடைக்காரர் வந்து சத்தம் போட்டாரு. அப்பவும் முடிச்சுட்டுத்தான் எறங்கினாரு."

என் கைவேலையில் ஒரு சின்னப் பிசிறுகூட அவர் கண்ணில் படவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன வாரம் மறுபடி பேசினாள். குரல் உடைந்திருந்தது.

"அண்ணே, நாங்க திரும்ப வந்துடறோம். பழைய ஆபீஸ்ல கேட்டுப் பாத்தா தினக்கூலியாவாவது எடுத்துப்பாங்களாம். வயலினை வித்துடறேங்கறாரு, இனிமே தொடவே மாட்டாராம். மாடி காலியாத்தானே கெடக்கு?"

மாடி காலியாகத்தான் கிடந்தது. அதன் அருமை அவளுக்குத் தெரியாது. வயலின் இல்லாவிட்டாலும் மனிதர்கள் மனிதர்கள்தானே. நாற்காலியை இழுப்பார்கள், குழாயைத் திறப்பார்கள், தும்முவார்கள். "அவசரப்படாதம்மா, யோசிச்சு சொல்றேன்" என்று போனை வைத்தேன்.

பிறகு டீச்சர் மாப்பிள்ளைக்கு எழுதினார். அதே சாய்வான எழுத்து, அதே நீல மை. 'வயலினை விற்காதீர்கள். ஊருக்குத் திரும்பாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் மைத்துனர் உங்களுக்காக எவ்வளவோ பொறுத்துக்கொண்டவர். மிகவும் நல்ல மனிதர். அவரை இனியும் சிரமப்படுத்த வேண்டாம்.' பொத்தானை அழுத்தினேன். நேற்று போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆக, டீச்சர், எஞ்சினியர், நர்ஸ் எல்லோரும் நான்தான், எல்லாக் கடிதமும் நான் எழுதியதுதான். ஒப்புக்கொள்கிறேன். இந்த வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அத்தனை கடிதங்களிலும் ஒரு சொல்கூட என் மனதிலிருந்து வரவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மைத்துனர் மிகவும் நல்ல மனிதர் என்பதை நான் மனதார நம்பித்தான் எழுதினேன்.