வாய் கொப்பளிக்காத வண்டி

— அஞ்சரைக்கு எழுந்தேன். பல் தேய்ச்சேன். பால் காய்ச்சினேன். ஒரு டம்ளர் குடிச்சேன். வாசல் பல்பை அணைச்சேன். எண்ணெயைச் சூடு பண்ணி வடிகட்டினேன். குளிச்சேன். போதுமா?

— சாப்பிட்டீங்களான்னு கேட்டேன் மாமா. அட்டவணை கேட்கல.

— பால் குடிச்சேன்னு சொன்னேனே.

— பால் சாப்பாடா? கன்னுக்குட்டியா நீங்க?

— வந்ததும் ஆரம்பிச்சிட்டியா வாயாடி... கேனை இறக்கி வெச்சுட்டு மூச்சு விடு முதல்ல.

— எங்க இறக்கறது? அடுப்பு மேடையில கேன். ஜன்னலுக்குக் கீழ கேன். அது என்ன... பாத்ரூம்லயும் வரிசை கட்டி நிக்குது?

— அங்க வெயில் படாது. எண்ணெய் நல்லா தெளியும்.

— நீங்க எங்க குளிக்கிறீங்க?

— ஒரு ஆள் நிக்க இடம் இருக்கு.

— கட்டிலுக்கு அடியில?

— அது தெளிஞ்சு முடிஞ்சது.

— மாமா, வாரா வாரம் ரெண்டு கேன் சுமந்துட்டு வர்றேன். ஃபேக்டரி கேன்டீன்ல உருளைக்கிழங்கு வறுத்த, மீன் பொரிச்ச எண்ணெயை ஒரு சொட்டு விடாம உங்களுக்குன்னு எடுத்து வெச்சு, பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு... பக்கத்துல உட்கார்ற பொம்பளைங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கறாங்க. எல்லாம் எதுக்கு? எங்க அக்கா கையால மாத்தி அமைச்ச வேன் இந்த எண்ணெய்ல ஓடுதேன்னு.

— ம்.

— ஓடுதா? வர்றப்பவே பார்த்தேன். முன்சக்கரத்துல சிலந்தி குடித்தனம் நடத்துது. அக்கா போன இந்த எட்டு மாசத்துல ஓட்டவே இல்லையா?

— இல்ல.

— ஒரு நாள்கூட?

— இல்ல.

— அப்போ இந்த எண்ணெயை எல்லாம் என்ன பண்றீங்க?

— வடிகட்டறேன்.

— வடிகட்டி?

— தெளிய வைக்கிறேன். மறுபடி வடிகட்டறேன்.

— மாமா, இதை வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என்கிட்ட சொன்னதோட போகட்டும்.

— காலையில எழுந்தா ஏதாவது பண்ணணும்ல. உங்க அக்கா இருந்தப்போ நான் சூடு பண்ணுவேன், அவ வடிகட்டுவா. இப்போ ரெண்டும் நான். அவ்வளவுதான்.

— ...

— என்ன, வாய் அடைச்சுப் போச்சா? அதிசயம்.

— எதுல வடிகட்டறீங்க?

— என் பழைய ஜீன்ஸ். ஒரு கால்ல முதல் தடவை. இன்னொரு கால்ல ரெண்டாவது தடவை.

— எந்த ஜீன்ஸ்? முதல் முதல்ல எங்க வீட்டுக்கு வந்தப்போ போட்டிருந்தீங்களே, அதுவா?

— அதேதான்.

— அப்பவே அது வடிகட்டற நிலைமையிலதான் இருந்துச்சு.

— உங்க அக்காவும் அதான் சொன்னா. கத்தரியும் அவளே எடுத்துட்டு வந்தா... இங்க பாரு, ஒண்ணு சொல்லணும். இனிமே கேன் கொண்டு வர வேண்டாம்.

— ஏன்?

— வேனைக் குடுக்கறேன். ரொட்டிக் கடைக்காரர் ஒன்பது மணிக்கு வர்றார்.

— என்னது?

— வண்டி கிளம்பறதைக் கண்ணால பார்த்துட்டு எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். எண்ணெயும் அவருக்கே. எல்லா கேனும்.

— யாரைக் கேட்டு? ஒவ்வொரு குழாயும் அவ கையால மாட்டினது மாமா. இரும்புக் கடை இரும்புக் கடையா அலைஞ்சு எண்ணெய்க்குன்னு அந்த ரெண்டாவது டேங்கைத் தூக்கிட்டு வந்தா. தெருவுல அந்த வேன் போனா உருளைக்கிழங்கு வறுக்கற வாசனைன்னு நாயெல்லாம் பின்னாடியே ஓடி வரும். கண்ணாடியில பார்த்துப் பார்த்துச் சிரிப்பா. அதைப் போய்...

— தெரியும். அதனாலதான்.

— அதனாலதான்னா?

— பார்க்க முடியல. ஜன்னலைத் திறந்தா அது நிக்குது. கேட்காதே.

— மணி எட்டே கால். முக்கால் மணி நேரம் இருக்கு. நான் கேட்பேன்.

— கேட்கறதுக்குப் பதிலா உபகாரம் பண்ணு. அந்த வாணலியைக் காய வை. கட்டிலுக்கு அடியில இருக்கறதுல ஒரு கரண்டி எடுத்து ஊத்து. தண்ணி இல்லன்னு அவருக்கு உறுதியாச் சொல்லணும்.

— சமையல்காரிக்கு வாணலி காய வைக்கச் சொல்லிக் குடுக்கறீங்களா?

— சடசடன்னு வெடிச்சா தண்ணி இருக்குன்னு அர்த்தம். எஞ்சினுக்கு ஆகாது.

— ஊத்தியாச்சு... உஷ்... பேசாதீங்க... சத்தமே காணோம் மாமா.

— இருக்காது. பத்து நாள் அசைக்காம வெச்சிருந்தேன். தண்ணி, தூள், எல்லாம் அடியில தங்கிடும். மேல இருக்கறதை மட்டும்தான் எடுக்கணும்.

— தேன் மாதிரி இருக்கு. எங்க கேன்டீன்ல புதுசா வாங்கறதுகூட இவ்வளவு சுத்தமா இருக்காது. திரும்ப மீன் பொரிக்கலாம் போல.

— உங்க முதலாளிகிட்ட சொல்லிடாதே. நாளைக்கே திருப்பிக் கேட்பார்.

— அட! மாமா ஜோக் அடிக்கிறாரு!

— அடிக்கல. சாவி ஆணியில தொங்குது. நீயே போய் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாரு.

— நீங்க?

— நான் வாசல்ல நிக்கறேன்.

— ஏன், வேன் கடிக்குமா? வாங்க. ஏறுங்க இந்தப் பக்கம். சீட்ல தூசி... இருங்க, தட்டி விடறேன். ம், இப்ப உட்காருங்க.

— முதல்ல டீசல்ல இருக்கான்னு பாரு. அந்தச் சின்ன சுவிட்ச். மேல பார்த்து இருக்கணும்.

— தெரியும் மாமா. டீசல்ல கிளப்பணும். சூடு ஏறினப்புறம் எண்ணெய்க்கு மாத்தணும். அணைக்கறதுக்கு முன்னாடி திரும்ப டீசலுக்கு மாத்தி ரெண்டு நிமிஷம் வாய் கொப்பளிக்க விடணும். அக்கா சொல்லிச் சொல்லி என் காது தேஞ்சு போச்சு. சாப்பிட்டா வாய் கொப்பளிக்க மாட்டியா, வண்டிக்கு மட்டும் என்ன? இல்லன்னா எண்ணெய் குழாய்லயே நின்னு உறைஞ்சுடும், மறுநாள் காலையில வண்டி வாயைத் திறக்காது. சரிதானே?

— சாவியைத் திருப்பு.

— இதோ... ஹீட்டர் விளக்கு அணையட்டும்... ம்ம்ம்... பார்த்தீங்களா! முதல் திருப்புலயே! எட்டு மாசம் தூங்கிட்டு எழுந்த மாதிரியே இல்ல!

— சரி. அணைச்சுடு.

— இருங்க மாமா, கொஞ்சம் ஓடட்டும். என்னமா உறுமுது... பேட்டரி புதுசா?

— இல்ல. ஞாயித்துக்கிழமை தவறாம சார்ஜ் போடறேன்.

— ஓட்டாத வண்டிக்கா? சரி சரி, நான் ஒண்ணும் சொல்லல. புதுசு இல்லன்னா?

— அதே பேட்டரிதான்.

— எந்த அதே... அக்காவுக்கு முடியாமப் போன அன்னைக்குக் காலையில செத்துப் போச்சுன்னு சொன்னீங்களே, அதுவா?

— ...

— விடுங்க மாமா. எனக்கு அன்னைக்கே தெரியும். கோளாறு பேட்டரியில இல்லன்னு.

— உனக்குத் தெரியுமா?

— தெரியும்.

— தெரிஞ்சுமா... எட்டு மாசமா வாரா வாரம் வந்து, சாப்பிட்டீங்களான்னு கேட்டே?

— கேட்காம? நீங்க எதுக்கு அந்தப் பொய்யைச் சொன்னீங்கன்னும் புரிஞ்சுது. எனக்கு உங்க மேல மரியாதை கூடித்தான் போச்சு.

— மரியாதையா? என்ன, குத்திக் காட்டறியா?

— ஐயோ, நிஜமாத்தான் சொல்றேன். வேற ஆம்பளையா இருந்தா ஊர் பூரா சொல்லியிருப்பான். நீங்க வாயே திறக்கல.

— எப்படித் திறப்பேன்? எந்த முகத்தை வெச்சுக்கிட்டு? உன் அக்காவைக் கொன்னுட்டேன்னு உன்கிட்டயும் உங்க அம்மாகிட்டயும் எப்படிச் சொல்வேன்?

— என்ன... என்ன உளர்றீங்க?

— நீதானே தெரியும்னே?

— நான் சொன்னது வேற! நீங்க எதைச் சொல்றீங்க? கொன்னுட்டேன்னா?

— அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு நான்தான் வேனைக் கொண்டு வந்து நிறுத்தினேன். டியூஷன் எடுக்கப் போக நேரமாச்சு. பசங்க காத்துட்டிருப்பாங்கன்னு அவசரம். சுவிட்சை டீசலுக்கு மாத்தினேனா... கொப்பளிக்க விட்டேனா... ஞாபகமே வரல. எட்டு மாசமா யோசிக்கிறேன். வரல.

— மாமா...

— காலையில அவ தலையைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தறா. தூக்கிட்டு வந்து இதோ, நான் உட்கார்ந்திருக்கற இதே சீட்லதான் உட்கார வெச்சேன். சாவியைத் திருப்பறேன், திருப்பறேன்... வெறும் சத்தம்தான். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷம் என்னுது. நான் பண்ணது. ஒரு வாரம் கழிச்சு ஃபில்டரைக் கழட்டினேன். எண்ணெய் கஞ்சி மாதிரி உறைஞ்சு கிடந்துச்சு. எல்லாத்தையும் கழுவி மாட்டினேன். ஸ்டார்ட் மட்டும் பண்ணல. கையே வரல.

— இதுக்குத்தான் வேனைக் குடுக்கறீங்களா?

— வேற எதுக்கு?

— மாமா, என்னைப் பாருங்க. அன்னைக்கு நாலு மணிக்கு அப்புறம் இந்த வேன் எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?

— எங்க போகும்? இங்கதான் நின்னுச்சு.

— எங்க கேன்டீனுக்கு வந்துச்சு. ஆறரை மணிக்கு.

— யாரு... யாரு ஓட்டிட்டு வந்தது?

— பேய் ஓட்டிட்டு வந்துச்சு. யாரு ஓட்டுவா?

— அவ படுத்திருந்தா! ரெண்டு நாளா தலைவலி, வண்டியைத் தொடாதேன்னு சொல்லிட்டுத்தான் போனேன்.

— நீங்க தொடாதேன்னா அவ தொடாம இருந்த ஒரு நாளைச் சொல்லுங்க, பார்ப்போம். மூணு கேன் ரொம்பிடுச்சுன்னு நான் போன்ல வாய் தவறிச் சொல்லிட்டேன். வந்து நிக்கறா. நான் தூக்கறேன்னு சொன்னா கேட்கல. உங்க மாமா எட்டு மணிக்கு வந்துடுவாரு, அதுக்குள்ள போய்ப் படுத்துக்கணும்னு பறந்தா.

— நான் அன்னைக்கு ஏழரைக்கே வந்துட்டேன்.

— வந்து?

— வேன் அதே இடத்துல நின்னுச்சு. உள்ள போனா தூங்கிட்டிருந்தா. போர்வையை இழுத்துக் கழுத்து வரைக்கும் போத்திக்கிட்டு.

— செருப்பு?

— ...கால்லயே இருந்துச்சு. போர்வைக்கு வெளியில நீட்டிட்டு இருந்துச்சு. தலைவலியில கழட்ட மறந்துட்டான்னு நான்தான் கழட்டி வெச்சேன்.

— திருடி.

— இரு... நான் நிறுத்தினதுக்கு அப்புறம் வேன் கிளம்பியிருக்கு.

— கிளம்பி, எங்க கேன்டீன் வரைக்கும் வந்து, திரும்பவும் போயிருக்கு.

— அப்போ கடைசியா அணைச்சது...

— இதைத்தான் நீங்க தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, அவளை யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதுன்னு பேட்டரி மேல பழியைப் போடறீங்கன்னு நினைச்சேன். எட்டு மாசமா அப்படித்தான் நினைச்சுட்டு இருக்கேன். தங்கமான மனுஷன்னு.

— இதை நீ என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லலையே?

— எனக்கு அவ்வளவு அறிவு இருந்தா நான் ஏன் கேன்டீன்ல வெங்காயம் உரிக்கிறேன்?

— இருந்தாலும் அந்த இருபது நிமிஷம்...

— அந்த இருபது நிமிஷத்தால ஒண்ணும் மாறியிருக்காதுன்னு டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னாரு. ரெண்டு நாளாவே மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சுட்டு இருந்திருக்கு, ஆஸ்பத்திரி வாசல்லயே குடியிருந்தாலும் இதேதான்னாரு. நீங்களும்தான் பக்கத்துல நின்னீங்க. சுவத்தைப் பார்த்துட்டு நின்னீங்க.

— எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வாங்கன்னு நினைச்சேன்.

— நினைச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து எண்ணெய் வடிகட்டினீங்களாக்கும்... மாமா? மூச்சு விடுங்க. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்க... ம். அப்படித்தான்.

— நீ ஏன் சொல்லல?

— சொல்லாதேன்னு என்கிட்ட கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டா. நீங்க ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல ஃபாரம் எழுதிட்டு இருந்தீங்க. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே என் கையைப் பிடிச்சுச் சொன்னா. அதுக்கப்புறம் உள்ள கொண்டு போயிட்டாங்க. பேசவே இல்ல.

— 'அவரைக் கூப்பிடு'ன்னு சொன்னான்னுல்ல நீ சொன்னே?

— பொய். எல்லாரும் சுத்தி நின்னு கடைசியா என்ன சொன்னா, கடைசியா என்ன சொன்னான்னு கேட்டாங்க. நிஜத்தைச் சொல்ல முடியுமா? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

— அவ கூப்பிட்டப்போ நான் ஃபாரம்ல பின்கோடு எழுதிட்டு இருந்தேன்னு... தினம் நினைப்பேன்.

— கூப்பிடல மாமா. நீங்க கொஞ்ச நேரம் அங்கயே இருக்கணும்னுதான் நினைச்சா.

— எதுக்கு?

— என்கிட்ட தனியாச் சொல்றதுக்கு... ஹாரன் கேட்குது. உங்க ரொட்டிக் கடைக்காரர் வந்துட்டாரு போல.

— நிக்கட்டும்.

— கேட்டைத் திறக்கறாரு.

— வேன் இல்லன்னு நான் சொல்லிக்கறேன். வேணும்னா ரெண்டு கேன் எண்ணெய் எடுத்துட்டுப் போகட்டும். நீ முதல்ல சொல்லு. அவ என்ன சொன்னா?

— அவளுக்கு வாக்கு குடுத்திருக்கேன்...

— நீ ஒண்ணும் கூட்டாதே, குறைக்காதே. அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லு.

— "அடியே, நேத்து அவசரத்துல நான்தான்டி வாய் கொப்பளிக்க விடாம அணைச்சுத் தொலைச்சேன்... உங்க மாமாகிட்ட சொல்லிடாத, அப்புறம் மனுஷன் சாவியைக் கண்ணுலயே காட்ட மாட்டாரு."