கழுவிய தொட்டி

"ஆயுத பூஜையன்னிக்குக் கோடி உசுரைக் கொன்னுபோட்டனுங்க்கா."

காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இப்படிச் சொன்ன இளையவளின் காலடியில் மூடி போட்ட பக்கெட் ஒன்று இருந்தது.

"என்ன கண்ணு சொல்றே?" என்றார் மூத்தவர்.

"எங்க இட்லி மாவுக் கம்பெனில, புளிச்சு வீணாப்போன மாவைத் தொட்டியில கொட்டுவமுங்க. உள்ள இருக்கற பாக்டீரியா அதைத் தின்னுட்டு கேஸ் குடுக்குமுங்க. கேன்டீன்ல அந்த கேஸ்லதான் சமையலே. பூஜைக்கு மெஷினையெல்லாம் கழுவுனமா, நான் தொட்டியையும் வழிச்செடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சுட்டனுங்க. அப்புறம் அடுப்பே பத்தலீங்க."

"மொதலாளி திட்டுனாரா?"

"எங்கீங்க திட்டறது? பளபளன்னு இருக்குதுன்னு தொட்டிக்குச் சந்தனம் வெச்சதே அவருதானுங்க."

மூத்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இப்ப என்ன பண்ணுவே?"

"சாணியக் கரைச்சு ஊத்துனா மறுபடி பாக்டீரியா வந்துருமாமுங்க. அதான் எங்கூட்டு மாட்டுச் சாணிய எடுத்துட்டுப் போறனுங்க."

அதற்குள் அங்கே வந்த நடத்துநர், பக்கெட்டைக் காலால் ஒதுக்கப் போனார். அவள் குனிந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாங்க. உள்ள உசுரு இருக்குதுங்க."