மார்லிஸின் கண்ணும் நூலகத்தின் தகட்டு அலமாரியும்

கையில் சுத்தியலும் முகத்தில் சிரிப்புமாக அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் நூலக வாரியத் தலைவி கிளாரிஸ் ஹௌகன் அவர்களே, முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட மூத்தோர்களே, விதைப்பு வேலைக்கு நடுவிலும் பலகாரத் தட்டுகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் காப்பிக் கோப்பையோடு நின்று கூட்டம் எப்போது முடியும் என்று காத்திருக்கும் டெல்மர் உள்ளிட்ட அன்பர்களே, உங்கள் அனைவருக்கும் ஆர்வின் ட்வெய்ட்டின் பணிவான வணக்கம்.

நான் மேடைக்குப் புதியவன். வடக்கு டகோட்டாவின் இந்த மண்ணில் நாற்பது ஆண்டுகள் கோதுமை விதைத்தவன், சொற்களை விதைத்ததில்லை. ஆனால் இன்று பேசாமல் இறங்கமாட்டேன். நம் நூலகம் இரவல் தரும் டிவிடி, புளூரே படத்தகடுகளை அலமாரியோடு அகற்றிவிடலாம் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. எல்லாப் படமும் இணையத்தில் வருகிறதாம், தகடு எதற்காம். எதற்கு என்று சொல்லத்தான் வந்தேன்.

என் மனைவி மார்லிஸை நீங்கள் அறிவீர்கள். அவள் தைத்த ஒட்டுப்போர்வை இல்லாத வீடு இந்த ஊரில் உண்டா? அதைப் போர்த்தித் தூங்காத பிள்ளை உண்டா? அவள் கண்ணின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப்போகும் என்று சென்ற இலையுதிர்காலத்தில் பிஸ்மார்க் நகரத்துக் கண் மருத்துவர் சொன்னார். எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை. வீடு திரும்பினோம். வண்டி வாசலில் நின்றதும் சொன்னாள்: "தெரியுற வரைக்கும் நல்லா பார்த்துடணும் ஆர்வின். பெரிய டிவி ஒண்ணு வாங்குவோம். பார்க்காம விட்ட படத்தையெல்லாம் பார்ப்போம்."

வாங்கினோம். பிப்ரவரியில் கால்பந்து இறுதியாட்டத்துக்கு முன்னால் தள்ளுபடி போடுவார்களே, அந்த வாரத்தில், அறுபத்தைந்து அங்குலத்தில், அவளே தேர்ந்தெடுத்தாள். முதல் படத்தைப் போட்டோம். குதிரை ஓடியது, குதிரைக்கு முகம் இல்லை. மரம் நின்றது, மரத்துக்கு இலை இல்லை. எல்லாம் கஞ்சியில் கரைத்தாற்போல் இருந்தது.

யார் குற்றம்? பெட்டியின் குற்றமா? இல்லை. எங்கள் பண்ணைக்கு வரும் இணையக் கம்பி மெலிந்தது. துல்லியமான படத்தைச் சுமக்க முடியாமல் தெளிவைக் குறைத்துக் கொண்டுவந்து கொட்டுகிறது. இந்தக் காரணம் எனக்கு அன்று தெரியாது. ஆனால் மங்கல் என்பது தெரிந்தது. தெரிந்தும் என்ன சொன்னேன்? அவள் ஆசையாய்த் தேர்ந்தெடுத்ததைக் குறை சொல்வதா என்று, "நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

ஞாயிறு வழிபாடு முடிந்து பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? டெல்மர், நீ என்ன சொன்னாய்? "மோசமில்லன்னேன்" என்கிறான், கேட்டீர்களா. கிளாரிஸ் அம்மையார் சிரிக்கிறார். "நல்ல பெரிசா இருக்கு" என்றவர் அவர்தான். வந்தவர் பதினான்கு பேர். பதினான்கு பேரும் மங்கலைப் பார்த்தார்கள். பதினான்கு பேரும் மரியாதையாய் மறைத்தார்கள். பிறர் வீட்டுப் பொருளைக் குறை சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்று நினைக்கிற ஊர் அல்லவா நம் ஊர்.

அந்த மரியாதை என்ன செய்தது தெரியுமா? ஊருக்கே நன்றாகத் தெரிகிறது, தன் கண்தான் போய்விட்டது என்று மார்லிஸ் முடிவுகட்டினாள். ஏன் என்று என்னிடம் சொல்லாமலே ஊசிப்பெட்டியைத் தங்கை மகளுக்குக் கொடுத்தாள். வண்டிச் சாவியை என் மேசையில் வைத்தாள். மருத்துவரிடம் போகலாம் என்றால், "தெரிஞ்ச சேதியைக் கேக்க ரெண்டரை மணி நேரம் போகணுமா?" என்றாள்.

சென்ற மாதம் நூலகர் ஜோலீன் வீட்டுக்கு வந்தாள். வெளியூரில் பிறந்தவள், நம் மரியாதை அவளுக்கு இன்னும் ஒட்டவில்லை. திரையைப் பார்த்த மாத்திரத்தில், "என்ன ஆர்வின், ஒரே மங்கலா இருக்கு? இதை எப்படி உக்காந்து பாக்குறீங்க?" என்றாள்.

மார்லிஸ் நிமிர்ந்தாள். "உனக்குமா மங்கலா தெரியுது?"

"யாருக்கும் அப்படித்தான் தெரியும். உங்க லைன் பத்தல."

மறுநாளே நூலகத்திலிருந்து உயர்துல்லியத் தகடு ஒன்றையும் அதை ஓட்டும் கருவியையும் கொண்டுவந்து மாட்டினாள். அதே படம். குதிரைக்கு முகம் வந்தது. முகத்தில் கண் வந்தது. வேலிக் கம்பியின் முள் ஒவ்வொன்றும் வந்தது. மார்லிஸ் விரல் நீட்டி அவற்றை எண்ணினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இத்தனை நாளா உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மங்கலாத்தான்."

"அதைச் சொல்ல வாய் வரலையா உனக்கு? மூணு மாசம் குருடின்னு நெனச்சு உக்காந்திருந்தேன்யா."

நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பெரியோர்களே, அவள் பார்வை மங்கத்தான் போகிறது. மருத்துவர் மறுபடியும் அதையே சொன்னார். ஆனால் இன்னும் மங்கவில்லை. எங்கள் பண்ணைக்கு மட்டுமா மெலிந்த கம்பி? புதுப் பெட்டி வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கேற்ற தெளிவான படத்துக்கு எங்கே போவது என்று விழிப்பவர்கள் இங்கே எத்தனை பேர்? பின்வரிசையில் என்ன கேட்கிறீர்கள்? "புது லைன் வருதாமே" என்றா? ஏழு வருடமாக வருகிறது. வரட்டும், வரவேற்போம். வரும்வரை அந்த அலமாரியை அசைக்க விடமாட்டேன். நூலகத்தில் இடமில்லையா, என் தானியக் கொட்டகையில் அடுக்குங்கள். எடுத்துக் கொடுக்க ஆளில்லையா, நான் வந்து நிற்கிறேன்.

இப்போது தலைவி அவர்கள் வாக்குக் கேட்பார். எதுவானாலும் சரி என்று யாரும் தரையைப் பார்க்காதீர்கள். அலமாரி வேண்டும் என்றால் வேண்டும் என்று கை தூக்குங்கள். மூன்றாம் வரிசையில் மார்லிஸ் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பார்க்க நினைத்த படங்களில் இன்னும் அறுபத்திரண்டு பாக்கி. அவற்றில் ஒன்றைக்கூட மங்கலாகப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

பொறுமையாய்க் கேட்ட காதுகளுக்கு நன்றி. உயரப்போகும் கைகளுக்கு வணக்கம்.