பெரியப்பாவின் பெயரில் வந்த அழைப்புகள்

நான் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும், எதையும் கூட்டாமல் மறைக்காமல், உண்மையாகப் பதிவு செய்கிறேன். என் பெயர் யாழினி. வயது பதினாறு. தந்தை பெயர் மோகன்குமார். திருச்செங்கோட்டில் சங்ககிரி சாலையில் வசிக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கிறேன். என் தாயார் சாரதாமணி உடனிருக்க, காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் சௌந்தர்யா அவர்களின் அனுமதியுடன் இதை என் கையாலேயே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறது. என் பெரியப்பா தங்கசாமி சென்ற ஆண்டு எருமப்பட்டி அருகே கிணறு போட்ட இடத்தில் குழாய் சரிந்து இறந்தார். ஆபீஸில் அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று டிரைவரின் போனில் உள்ள காலண்டருக்கு அழைப்பு வரும். அதை டிரைவர் ஏற்றுக்கொண்டால் வண்டி கிளம்பிவிட்டது என்று பொருள். யாரும் போன் செய்து மறுபடி கேட்பதில்லை.

இந்த வாரம் ஆபீஸ் மெயில், காலண்டர், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் ஒரு நிறுவனத்தின் சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தர சேலத்திலிருந்து பயாஸ் அண்ணா வந்தார். அப்பா அதைப் புதுமனை புகுவதாகவே எடுத்துக்கொண்டு, நல்ல நேரம் பார்த்து, லேப்டாப்புக்குப் பக்கத்தில் மின்சார அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினார். "பொங்கிருச்சுன்னா உங்க மெயிலெல்லாம் பால்கோவா ஆயிரும்ணே" என்று பயாஸ் அண்ணா சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு கணக்காகக் கேட்டு மாற்றிக்கொண்டு வந்தபோது பெரியப்பாவின் கணக்கு வந்தது. "அது வேண்டாங்க தம்பி. புது ஊட்டுக்குப் போறப்ப போனவங்களைக் கூட்டிட்டுப் போறதில்லைங்க" என்றார் அப்பா. "அழிஞ்சிரும்ணே, அப்புறம் எடுக்க முடியாது" என்று பயாஸ் அண்ணா எச்சரித்தார். அப்பா தலையாட்டினார். மறுநாள் காலை, எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு, பயாஸ் அண்ணா பழைய சேவையை அப்பாவின் கண்முன் மூடினார். திரையில் கணக்குகளுக்கு உரியவர்களின் வட்டப் படங்களில் பெரியப்பாவின் படம்தான் கடைசியாக மறைந்தது.

அதன் பிறகு மதியம் பயாஸ் அண்ணாவும் நானும் ஆபீஸில் அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். லேப்டாப்பை அவர் ஏற்கெனவே பையில் வைத்துவிட்டார். அவர் போன் மேசையில் கிடந்தது. அவர் வலது கை சோற்றில் இருந்தது, இடது கையால் என் நூலகப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஆபீஸ் கணினியின் புதிய காலண்டரில் ஓர் அழைப்பு தோன்றியது. அழைத்தவர் தங்கசாமி. இடம் எருமப்பட்டி. அழைக்கப்பட்டவர் டிரைவர் குழந்தைவேல். "மாத்தும்போது பழைய அழைப்பு ஒண்ணு ரெண்டு திரும்பப் போகும் பாப்பா" என்றார் பயாஸ் அண்ணா. ஆனால் அதில் அன்றைய தேதி இருந்தது. அதைக் கண்ட பிறகு அவர் சாப்பிடவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தைவேல் மாமா ஏற்றுக்கொண்டதாகக் காட்டியது.

நான் சத்தமிட்டதும் அப்பா ஓடிவந்து அவருக்குப் போன் செய்தார். "பெரியவரே கூப்பிட்டிருக்காருங்க, வண்டியை எடுத்துட்டேனுங்க" என்றார் குழந்தைவேல் மாமா. அவர் குரல் சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது, எருமப்பட்டியில் பெரியப்பா இறந்த அந்தக் கிணற்றின் அருகே வண்டி நின்றிருந்தது. அவருடைய செருப்பு வண்டியின் படியில் இருந்தது. விபத்துக்குப் பின் கிணற்றின் மேல் வெல்டிங் வைத்துப் பொருத்திய இரும்பு மூடி அப்படியே இருந்தது. அவரை இன்றுவரை காணவில்லை.

புதிய சேவையின் முதன்மைப் பாஸ்வேர்டு பயாஸ் அண்ணாவிடம் மட்டுமே இருந்ததால், போலி அழைப்பை அனுப்பியவர் அவரே என்று சந்தேகித்து இங்கே வைத்திருக்கிறார்கள். அவர் அனுப்பவில்லை என்று சொல்லத்தான் நானாக வந்தேன். அழைப்பு தானாகப் போகும்படி அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்கலாமே என்று உதவி ஆய்வாளர் மேடம் கேட்டார்கள். அப்படிச் செய்ய முடியுமா என்பது எனக்குத் தெரியாது.

இந்த இடம் வரை எழுதியபோது, மேடத்தின் மேசையில் பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டு வைத்திருந்த பயாஸ் அண்ணாவின் போன் அதிர்ந்தது. உறையின் வழியே நாங்கள் மூவரும் படித்தோம். அழைத்தவர் தங்கசாமி. இடம் எருமப்பட்டி. அழைக்கப்பட்டவர் பயாஸ். யாரும் அதைத் தொடவில்லை. சற்று நேரத்தில், ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று திரை காட்டியது.

அதன் பிறகு மேடம் போய், அவரை வைத்திருந்த லாக்கப்பின் கம்பிக் கதவைத் திறந்து, அந்தப் போனை அவரிடம் காட்டி, "நீங்க அனுப்பலைன்னு தெரியுதுங்க. கிளம்புங்க தம்பி" என்றார்கள். பயாஸ் அண்ணா எழுந்திருக்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். "வழக்கே இல்லாம எப்படிங்க இங்க வச்சிருக்கறது?" என்று மேடம் கேட்டதற்கு அவர், "அப்ப நான்தான் அனுப்பினேன்னு எழுதிக்குங்க மேடம்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதை நான் கேட்டேன். அது உண்மையில்லை என்பதையும் இங்கே எழுதுகிறேன். மேலே உள்ளவை எல்லாம் நான் அறிந்தவரை நடந்தவை. ஒருமுறை படித்துப் பார்த்து, என் தாயார் முன்னிலையில் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) யாழினி

பின்குறிப்பு: நான் ஒப்பமிட்ட பிறகு, பயாஸ் அண்ணா கெஞ்சிக் கேட்டதால் கம்பிக் கதவு மறுபடி சாத்தப்பட்டது. அதன் பிறகு அவர் இருந்த அறையின் விளக்குகள் அணைக்கப்பட்டன. யார் அணைத்தார்கள் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.