ரொட்டியப் பிச்சாத்தான் உள்ள விடும்

போதும் தம்பி, அந்த இனிப்புப் பொட்டிய ஓரமா வை. தலைநகரம் பிஷ்கெக்லேர்ந்து இந்த நாரின் மலை வரைக்கும் வண்டி ஓட்டிட்டு வந்தீன்னா அது உன் பாடு. நானா கூப்புட்டேன்? ஆமா, ஒங்க கம்பெனியத் திட்டி இன்டர்நெட்ல எழுதின சாய்ராகுல் நாந்தான். அத எடுக்கச் சொல்லித்தானே வந்திருக்க? எடுக்க மாட்டேன். உக்காந்து கேளு.

குதிரை கழுத்துல கருவி மாட்டினா எங்க நிக்குதுன்னு போன்ல தெரியும்னு வித்தீங்க. வாங்கினோம். நல்லாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல. ஏப்ரல்ல பனிப்புயல் அடிச்சுது பாரு, அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு மந்தையோட மேல மலையில. அவரு ஏறிப்போன குதிரை கழுத்துலயும் ஒங்க கருவிதான். போனைத் தொறக்குறேன், ஒரு பொம்மை ரொட்டிய நீட்டுது. வாசல்ல வர்ற விருந்தாளி மொதல்ல ரொட்டி பிக்கணுங்கற நம்ம ஊரு வழக்கமாம், மூணு தடவ தொட்டுப் பிச்சாத்தான் உள்ள விடுமாம்! வெளிய நின்னு வெறச்ச வெரலு, தொட்டா எடுக்கவே மாட்டேங்குது. என்னது, பரிசு குடுத்தாங்களா அதுக்கு? குடுப்பாங்க. சூடான ரூம்ல உக்காந்து தொட்டுப் பாத்திருப்பாங்க.

ஒருவழியா உள்ள போனா குதிரை நிக்கிற புள்ளியக் காணோம். ஒங்க ஆபீசுக்கு போன் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. அக்கா ஒடம்பு சௌக்கியமா, வீடு சௌக்கியமா, ஆடு குதிரை சௌக்கியமா... அம்மாடி, எங்காளு பனியில மாட்டிக்கிட்டாருங்கறேன், டீ குடிச்சீங்களா, நிதானமா உக்காருங்கங்குது. விருந்தாளிய வந்த காரியம் என்னன்னு ஒடனே கேக்கக் கூடாதுன்னு நீ எழுதிக் குடுத்தியாமே? அழுதுக்கிட்டே படிச்சுது அந்தப் பொண்ணு. ஒரு வரி விட்டாலும் வேலை போயிடுமாம். அவள நான் ஒண்ணும் சொல்லல, ஒன்னத்தான் சொல்றேன். பெரிய ஆளுகிட்ட மாத்திவிட்டா, அந்த மகராசனும் மொதல்லேர்ந்து சௌக்கியமா, சௌக்கியமா!

என்ன, நம்ம வழக்கமா? எனக்கா வழக்கம் சொல்ற? வாசல்ல ஒருத்தன் ரத்தம் ஒழுக நின்னா இந்த ஊர்ல எவளும் டீ ஊத்த மாட்டா. துணியக் கிழிச்சு மொதல்ல கட்டுவா. மூஞ்சியப் பாத்து உபசரிக்கணும்டா. ஒங்க கருவிக்கு மூஞ்சி தெரியுமா?

உள்ளதச் சொல்லணும், கடைசியில நீங்க சொன்ன எடம் சரிதான். அந்தப் பாறைக்குக் கீழதான் இருந்தாரு. ரெண்டு மணி நேரம் கழிச்சுச் சொன்னீங்க, அவ்வளவுதான்.

ஆமாமா, கெடச்சாரு. என்னத்துக்கு இப்பச் சிரிக்கிற? வெளிய அண்டாவுல கறி வேகுதே, ஒனக்குன்னு நெனச்சியா? அவரு போயி இன்னிக்கு நாப்பதாவது நாளு.

எங்க எந்திரிக்கிற? இன்னிக்கு இந்த வாசல் ஏறி வந்தவன் எவனா இருந்தாலும் சாப்பிடாம போகக் கூடாது. போ, கையக் கழுவிட்டு வா.